ஓட்டத் தெரியாதவர்

முதல் நாளே டீச்சருக்கு அந்த மனிதர்மேல் சந்தேகம் தட்டிவிட்டது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் அவர் கை தன்னால் மேலே போய், உள் கண்ணாடியைத் தன் பார்வைக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான்.

பதினொரு வருஷமாக ஓட்டுநர் பள்ளிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பிழைப்பவள் அவள். முதல் நாள் வருகிறவர்கள் எப்படி உட்காருவார்கள் என்பது அவளுக்கு அத்துபடி. ஸ்டியரிங்கை விட்டால் கழன்று ஓடிவிடும் என்பதுபோல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். காலை எங்கே வைப்பது என்று குனிந்து தேடுவார்கள். கண்ணாடி என்று ஒன்று இருப்பதே மூன்றாம் நாள்தான் அவர்கள் கண்ணில் படும். இவரோ கண்ணாடியைத் திருப்பினார், இருக்கையை ஒரு பிடி பின்னால் தள்ளினார், பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, "இதுல பிரேக்கு எது டீச்சர்?" என்று கேட்டார்.

"நடுவுல இருக்கறது. இதுக்கு முன்னாடி ஏதாவது ஓட்டி இருக்கீங்களா சார்?"

"சைக்கிள்தான்."

ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்து வெளுத்து நிறம் போன முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'துணி' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். விற்கிறாரா, தைக்கிறாரா, துவைக்கிறாரா, ஆண்டவனுக்கே வெளிச்சம். பழகுநர் உரிமத்தின் நகல் கேட்டதற்கு, "அடுத்த வாரம் கொண்டு வர்றேன்" என்றார். உரிமம் இல்லாதவரைத் தெருவில் இறக்க முடியாது. அதனால் பழைய நூல் ஆலைக்குப் பின்னாலிருந்த பயிற்சி மைதானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதல் கியரில் கிளட்சை விடச் சொன்னாள். வண்டி நின்றுவிட்டது. அதிலும் அவளுக்கு ஒரு நெருடல். புதிதாகக் கற்பவர் கிளட்சை விட்டால் வண்டி ஆட்டுக்குட்டிபோல ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் உயிரை விடும். இது துள்ளவே இல்லை. தூங்கப் போகிற குழந்தைபோல அடங்கியது. தெரியாமல் நின்ற வண்டி இல்லை இது, நிறுத்தப்பட்ட வண்டி.

பாடம் முடிந்ததும் அவர் வேலியோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அன்றைக்கே அவருக்கு 'நோட்டுக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

பெயர் வைத்தது மாமா. மாமா என்றால் டீச்சருடைய அக்காவின் கணவர், பள்ளியின் முதலாளி. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, சுவரில் போக்குவரத்துக் குறியீடுகளின் படம், மூன்று நாற்காலி, கழற்றி வைத்த ஒரு கியர் பெட்டி, இவைதான் பள்ளி. மாமா பயந்த சுபாவம். தபால்காரர் படியேறினாலே நோட்டீசோ என்று எழுந்து நிற்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது.

"நோட்டுல எழுதினானா? நீ பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா. ஒரு பக்கம் முழுக்க எழுதினார்."

"போச்சு. சந்தைப் பக்கத்துப் பள்ளிக்கு வந்த மாதிரியே நமக்கும் வந்துட்டான்."

சந்தைப் பக்கத்துப் பள்ளியின் கதை அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உரிம அலுவலகத்திலிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வருபவர்போல வந்து எட்டு நாள் உட்கார்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுப்பவர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தது, பழகுநர் உரிமம் இல்லாதவரைத் தெருவில் ஓட்டவிட்டது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஒன்பதாம் நாள் அடையாள அட்டையை நீட்டியிருக்கிறார். அந்த வாரமே பெயர்ப்பலகை இறங்கிவிட்டது.

"உரிமம் எங்கேன்னு கேட்டா அடுத்த வாரம்னு சொல்றான் பாரு, அதுதான் பொறி" என்றார் மாமா. "நாம பாவம் பார்த்து ரோட்டுல விடுறோமான்னு பார்க்கிறான். நீ ஒண்ணு செய். புத்தகத்துல இருக்கற மாதிரியே சொல்லிக் குடு. போனை இங்கேயே வச்சுட்டுப் போ."

மறுநாள் டீச்சர் வந்து பார்த்தபோது சுவரில் புதிதாக ஒரு முதலுதவிப் பெட்டி தொங்கியது. திறந்து பார்த்தாள். காலி.

அவளுக்கு மாமாவின் பயம் இல்லை. ஆனால் யாரோ பொய் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது காலில் குத்திய முள்போல உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லிக்கொடுப்பதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணமான புதிதில் அவள் கணவர்தான் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டார். மூன்றே நாள். நாலாம் நாள் நடுத்தெருவில் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். ஆறு வருஷம் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு பள்ளியில் முறையாகக் கற்றபோதுதான், தன் கணவர் நன்றாக ஓட்டுவாரே தவிர, எப்படி ஓட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாது என்பது புரிந்தது. 'கட்டினவர்கிட்ட கார் கத்துக்கிட்டா காரும் ஓடாது, குடும்பமும் ஓடாது' என்று சேர வரும் பெண்களிடம் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நோட்டுக்காரர் ஓட்டியதைவிடக் கேட்டதுதான் அதிகம். அதுவும் கற்கிறவர் கேட்கிற கேள்விகள் இல்லை.

"இதை எத்தனாவது நாள்ல சொல்லிக் குடுப்பீங்க?"

"திருப்பத்துல கண்ணாடி பார்க்கணும்னு சொன்னீங்களே, அதை வாயால சொல்றதோட சரியா, இல்ல செய்ய வச்சுப் பார்ப்பீங்களா?"

"ஒருத்தர் வீட்டுல அப்பாகிட்டயோ அண்ணன்கிட்டயோ கத்துக்கிட்டு வந்தா, அவங்களை என்ன செய்வீங்க?"

கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கதான் சார் கஷ்டம்" என்றாள் டீச்சர். "ஒண்ணும் தெரியாதவங்களுக்கு ஒரு மடங்கு வேலை. அவங்களுக்கு ரெண்டு மடங்கு. முதல்ல மறக்க வைக்கணும்."

அவர் தலையாட்டினார். நோட்டை அங்கேயே, ஸ்டியரிங்கின்மேல் வைத்து எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் மைதானத்தின் கோடியில் இருந்த செம்மண் மேட்டுக்கு வந்தார்கள். ஏற்றமும் இறக்கமும் பழக்குவதற்காகவே கொட்டிச் சமன்படுத்திய மேடு அது. உச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"இறக்கத்துல வண்டியை கியர்லயே விடணும். கிளட்ச்ல கால் வைக்கக் கூடாது. நியூட்ரல் கூடவே கூடாது. பெட்ரோல் மிச்சம்னு எஞ்சினை அணைச்சுட்டு உருட்டுறவங்க இருக்காங்க. அதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேற இல்ல."

"ஏன்?" என்றார். குரல் மாறியிருந்தது.

"எஞ்சின் ஓடறப்பதான் பிரேக்குக்குப் பலம். அணைச்சுட்டா ஒரு வாட்டி பிடிக்கும், ரெண்டு வாட்டி பிடிக்கும். அப்புறம் மிதி கல்லாயிடும். ஸ்டியரிங்கும் திரும்பாது. பழகின கால் எப்படியாவது சமாளிக்கும். புதுசா ஓட்டுறவங்க என்ன செய்வாங்க? பிரேக் போயிடுச்சுன்னு நினைச்சுக் காலை எடுத்துடுவாங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது.

"சார், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. இன்னைக்கு இது போதும்." கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், அப்படியே நின்று கேட்டார். "இதை எல்லாருக்கும் சொல்லுவீங்களா?"

"ஒருத்தர் விடாம."

அவர் எழுதிக்கொண்டார். டீச்சரோ வேறு திசையில் பார்த்தாள். ஏனென்றால் அவள் சொன்னது பொய். போன மழைக்காலத்தில் சேர்ந்தவர்களில் மூன்று பேருக்கு இறக்கம் நடத்தவே இல்லை. மேடு சேறாகிக் கிடந்தது, அவர்களுக்குத் தேர்வுத் தேதியும் நெருங்கிவிட்டது. தேர்வில் இறக்கம் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். விட்டுவிட்டாள். இந்த ஆளுக்கு அது தெரிந்துவிட்டதோ? அந்த மூவரில் யாராவது போய்ச் சொல்லித்தான் இவர் வந்திருக்கிறாரோ?

அதற்கடுத்த விடுமுறை நாளில் பல் வலிக்காக அவள் பெரிய மருத்துவமனைக்குப் போனாள். சீட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, பின்பக்க முற்றத்துக்குள் ஒரு பழைய வேன் வந்தது. இரண்டு ஆம்புலன்சுகளுக்கு நடுவே, வேனின் அகலத்துக்கு மேல் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு இடம்தான் கூடுதலாக இருந்தது. வேன் பின்னோக்கி வந்து, ஒரே வீச்சில், இரண்டு பக்கமும் சாண் இடம் விட்டு உள்ளே நுழைந்து நின்றது. 'யாருப்பா இவ்வளவு கைகாரன்' என்று அவள் எட்டிப் பார்த்தாள். கதவு திறந்தது. வெளுத்த முழுக்கைச் சட்டை. நோட்டுக்காரர் இறங்கி, பின் கதவைத் திறந்து, சலவைத் துணி மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

பல் வலி மறந்துவிட்டது. சைக்கிள்தானாம்.

"அப்போ ஆபீசர் இல்ல மாமா" என்றாள், மறுநாள் காலையில்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆபீசருக்கு வேஷம் போடத் தெரியாதா?"

"நம்ம பள்ளியைப் பிடிக்கறதுக்காக ஆஸ்பத்திரி அழுக்கு மூட்டையைத் தூக்குவாங்களா மாமா? நான் போய் விசாரிச்சேன். இருபத்துநாலு வருஷமா அவர்தான் அந்த வேனை ஓட்டுறாராம். ஒரு கீறல் கிடையாதாம்."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்குப் பயம்தான் கூடியது. "இருபத்துநாலு வருஷம் ஓட்டினவன் பிரேக்கு எதுன்னு கேட்டுக்கிட்டு நம்மகிட்ட வந்து உக்கார்றான்னா, அவன் ஆபீசரைவிட மோசமான ஆளு. நீ அவனோட தனியா மைதானத்துக்குப் போகாதே."

அவள் போனாள். ஆனால் ஒரு முடிவோடு போனாள்.

ஐந்தாம் பாடத்துக்கு வந்தவரை நேராக அந்த மேட்டுக்கே அழைத்துப் போனாள். உச்சியில் நிறுத்தியதும், "இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க இஷ்டப்படி இறங்குங்க" என்றாள். தன் காலைத் தன் பக்கத்து பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு, அவர் கையையும் காலையும் மட்டும் பார்த்தாள்.

வண்டி மூக்கைச் சாய்த்தது. அவர் கால் கிளட்சுக்குப் போனது, கை கியரை நியூட்ரலுக்குத் தட்டியது, அதே ஓட்டத்தில் விரல் சாவியைத் திருப்பியது. எஞ்சின் அடங்கிவிட்டது. எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் போடுகிற கை மாதிரி.

டீச்சர் பிரேக்கை மிதித்தாள். வண்டி பாதி இறக்கத்தில் நின்றது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சலவை வேன் ஓட்டுறீங்க. இருபத்துநாலு வருஷமா. எனக்குத் தெரியும். யார் சார் உங்களை அனுப்பினாங்க?"

அவர் சாவியின்மேல் இருந்த தன் கையையே, வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க டீச்சர்" என்றார் கடைசியில். "நீங்க அன்னைக்கு அவ்வளவு சொன்னீங்க. எழுதியும் வச்சுக்கிட்டேன். அப்புறமும் இந்தக் கை அதைத்தான் செய்யுது."

"யார் அனுப்பினாங்கன்னு கேட்டேன்."

"யாரும் அனுப்பல. என் பொண்ணுக்கு நான்தான் வண்டி கத்துக்குடுத்தேன்."

பிறகு அவர் சொன்னதற்கு நடுவில் டீச்சர் குறுக்கிடவில்லை. ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. சொந்தமாக ஒரு சின்னக் கார் வாங்கினாள். பள்ளியில் சேர்கிறேன் என்றாள். 'ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டுறவன் வீட்டுல இருக்கேன், உனக்கு எதுக்கு வெளியாள்? அவங்க பக்கத்துல உக்காந்து போன் பார்ப்பாங்க' என்று இவர்தான் தடுத்தார். தினமும் காலையில் கூட்டிப்போய் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்தார். தேர்வில் முதல் தடவையே தேறினாள். மூன்று மாதம் கழித்து ஒரு மழை நாளில், தண்ணீர்த் தொட்டிச் சாலை இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய்ச் சுவரில் மோதியது. தொடை எலும்பு முறிந்தது. பிழைத்ததே பெரிய விஷயம்.

"பிரேக் பிடிக்கலப்பான்னு சொன்னா. மயக்கத்துலயும் அதையேதான் சொன்னா. மெக்கானிக் வண்டியைப் பிரிச்சுப் பார்த்தான். பிரேக்குல ஒரு குறையும் இல்லைன்னான். காப்பீட்டுக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. அப்போ போன் பார்த்தியான்னு கேட்டேன். இல்லைன்னா. நம்பல. திரும்பத் திரும்பக் கேட்டேன். அவ தூங்கறப்ப போனை எடுத்துத் தேடிக்கூடப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. அழிச்சிருப்பான்னு நினைச்சேன். பார்க்க வந்தவங்க எல்லார்கிட்டயும், போன் பார்த்துக்கிட்டே ஓட்டிட்டான்னு நானே சொன்னேன். அதைக் கேட்டதுக்கப்புறம் அவ என்கூடப் பேசறதில்ல. நாலு மாசம் ஆச்சு."

"அப்புறம் ஏன் இங்கே வந்தீங்க?"

"போன மாசம் அதே இறக்கத்துல வேன்ல வந்தேன். கீழே வந்து சேர்ந்தப்பதான் எஞ்சின் சத்தம் இல்லைங்கறது காதுல பட்டுச்சு. எப்ப அணைச்சேன்னு எனக்கே தெரியல. எங்க மாமன் எனக்கு அப்படித்தான் கத்துக்குடுத்தார். நானும் அவளுக்கு அதையேதான் கத்துக்குடுத்திருக்கேன், பெரிய சாமர்த்தியம்னு." அவர் நோட்டைத் தடவினார். "டிரைவர்னு சொல்லிக்கிட்டு வந்தா நீங்க மரியாதைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. அதான் ஒண்ணும் தெரியாதவனா வந்தேன். உண்மையைச் சொல்லணும்னா, நீங்களும் இதைச் சொல்லாம விட்டுடுவீங்கன்னு எதிர்பார்த்துத்தான் வந்தேன். பள்ளியிலயே சொல்றதில்லைன்னா என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இந்த மனிதர் தன் முதுகைப் பார்ப்பதற்காகப் பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். டீச்சருக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வண்டியை மறுபடி கிளப்பிச் சமதரைக்குக் கொண்டுவரச் செய்தாள். எஞ்சினை அணைக்கச் சொன்னாள்.

"இப்ப பிரேக்கை மிதிங்க."

மிதித்தார். மெதுவாக உள்ளே போனது.

"விட்டுட்டு இன்னொரு வாட்டி."

பாதிதான் போனது.

"இன்னொரு வாட்டி."

மிதி அசையவில்லை. அவர் பலம் கொடுத்து அழுத்தினார், இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து அழுத்தினார். சுவரை மிதிப்பதுபோல இருந்தது. மெல்லக் காலை எடுத்தார்.

"எங்க வேன் பழசு. அதுல பிரேக் எப்பவுமே இப்படித்தான். என் கால் அதுலயே பழகிடுச்சு" என்றார். "அவ வண்டி புதுசு. அவளுக்கு இது எப்படித் தெரியும்? பிரேக் பிடிக்கலைன்னுதானே சொல்லுவா. அவ உள்ளதைத்தான் சொல்லியிருக்கா டீச்சர்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நன்றாக அழட்டும் என்று டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வீட்டுக்கு வந்து அவகிட்ட இதைச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"நான் சொல்லக் கூடாது சார். பழி போட்டது நீங்க. எடுக்கறதும் நீங்கதான்."

தலையாட்டினார். இறங்குவதற்கு முன், "ஒருத்தர் விடாம எல்லாருக்கும் சொல்லிடுவேன்னு சொன்னீங்களே, அந்த மாதிரி ஒரு ஆள்கிட்ட அவளை விட்டிருக்கணும்" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"எல்லாருக்கும் சொல்லல சார். போன மழைக்காலத்துல மூணு பேருக்குச் சொல்லாம விட்டுட்டேன். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். 'நீயும்தானா' என்கிற பார்வையை எதிர்பார்த்தாள். அப்படி இல்லை. "போன் நம்பர் இருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "எரியற கொள்ளியை எடுத்துத் தலையைச் சொறிஞ்சுக்கறியே. நம்ம குறையை நாமளே கூப்பிட்டுச் சொல்லணுமா?"

"சொல்லிடலாம் மாமா. பெட்டியில பஞ்சு கூட இல்லாம சுவர்ல மாட்டி வச்சிருக்கோமே, அது மாதிரி எனக்கு இருக்கு."

மாமா சாயந்திரம் ஒரு பொட்டலத்தில் பஞ்சும் மருந்தும் வாங்கி வந்து பெட்டிக்குள் வைத்தார்.

முதலில் ஒரு வங்கி ஊழியர். மறுநாளே வந்து, அரை மணி நேரம் மேட்டில் ஏறி இறங்கிவிட்டுப் போனார். இரண்டாவது, கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்ட பெண். போனிலேயே பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். மூன்றாமவர் கட்டடக் கம்பி வியாபாரி. அவர் சிரித்தார். "எதுக்கு மேடம் திரும்பக் கூப்பிடறீங்க? புதுசா ஏதாவது கட்டணமா? நான் தினமும் இறக்கத்துலதான் போறேன், வர்றேன். ஒண்ணும் ஆகல." அவள் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வகுப்பு இல்லாத ஒரு நடுப்பகலில், ஓர் இளம்பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தாள். ஒரு காலைச் சற்றுச் சாய்த்து வைத்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எங்கப்பா உங்ககிட்ட வந்து வண்டி கத்துக்கிட்டாராமே. நிஜமா?"

யார் என்று டீச்சருக்குச் சொல்லாமலே தெரிந்தது. "அஞ்சு பாடம் வந்தார்மா."

"எங்கப்பாவா? வெளியாள் பக்கத்துல உக்காந்து அவர் கேட்டுக்கிட்டாரா?" அவள் கண்ணில் நம்பிக்கையே இல்லை. "எனக்கு இதுல சந்தேகமா இருக்குங்க. நாலு மாசம் என்னைத் திருடி மாதிரி பார்த்தவர், திடீர்னு வந்து எல்லாம் என் தப்புதான், மன்னிச்சுடும்மான்னு அழறார். வீட்டுல பேச்சு வார்த்தை இல்லாம இருக்கேன்னு, என்னைச் சமாதானம் பண்ணறதுக்காக ஏதோ கதை கட்டி, உங்களையும் சேர்த்து நடிக்கிறாரோன்னு நினைக்கிறேன். எனக்குச் சமாதானம் வேண்டாம். நடந்தது என்னன்னு தெரியணும்."

"கேளும்மா."

"இறக்கத்துல எஞ்சினை அணைக்கச் சொல்லிக் குடுத்தது அவர்தான். எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில நான் அதைச் சொன்னப்ப, அப்படிச் சொல்லிக் குடுக்கவே இல்லைன்னுட்டார். அவர் கையால அப்படிச் செஞ்சதை நீங்க பார்த்தீங்களா?"

"என் கண்ணால பார்த்தேன். செய்யக் கூடாதுன்னு நான் சொல்லி, அவர் எழுதிக்கிட்டு, அதுக்கு அடுத்த பாடத்துலயே செஞ்சார். செஞ்சது அவருக்கே தெரியல. உங்ககிட்ட இல்லைன்னு சொன்னதும் அப்படித்தான் இருந்திருக்கும். மறைக்கணும்னு மறைச்சிருக்க மாட்டார்."

அதற்குப் பிறகுதான் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ அவருக்குத் தெரியவே இல்லையா" என்றாள், தனக்குத்தானே. "நான் பொய் சொல்றேன்னு அவர் நினைச்சார். அவர் பொய் சொல்றார்னு நான் நினைச்சேன்."

"கோபம் தீர்ந்துதா?"

"இல்லைங்க. போனைத் திருட்டுத்தனமா எடுத்துப் பார்த்தாரே, அது போக நாள் ஆகும். ஆனா ஒண்ணு செய்யறார். என்னைப் பத்தி யார் யார்கிட்ட சொன்னாரோ அவங்க வீட்டுக்கெல்லாம் போய், போன் இல்ல, நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்னு சொல்லிட்டு வர்றார். எங்க கடை முதலாளிகிட்டயும் வந்து சொன்னார். எல்லார் முன்னாடியும்" என்றாள். அவள் குரல் அப்போதுதான் முதல் முறையாக உடைந்தது.

டீச்சர் தண்ணீர் கொடுத்தாள்.

"எனக்கு முதல்ல இருந்து கத்துக்குடுப்பீங்களா? ஒண்ணும் தெரியாதவளா நினைச்சுக்கிட்டு."

"உங்களுக்கு ரெண்டு மடங்கு வேலைம்மா" என்றாள் டீச்சர். "பரவாயில்ல, ஆரம்பிக்கலாம்."

எளிதாக இருக்கவில்லை. முதல் இரண்டு வகுப்பும் பெண் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்ததோடு சரி. சாவியைத் தொட்டாலே உள்ளங்கை வேர்த்தது. மேட்டுக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அங்கே முதல் தடவை இறங்கும்போது, எஞ்சின் முழு நேரமும் இரைந்துகொண்டே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்ததைக் கேட்டு, "இந்தச் சத்தம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். அன்றைக்கு ஒன்பது முறை ஏறி இறங்கினாள்.

கம்பி வியாபாரியை டீச்சர் ஒரு நாள் சிக்னலில் பார்த்தாள். அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராகப் பார்த்தார். பச்சை விழுந்ததும் போய்விட்டார். அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பதில் இல்லை.

கடைசி வகுப்பு முடிந்த அன்று, பழுது பார்த்த மகளின் காரை அப்பாவே மைதானத்துக்கு ஓட்டி வந்தார். இறங்கிச் சாவியை அவளிடம் நீட்டினார். மகள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்தாள், இருக்கைப் பட்டையை மாட்டினாள். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து வாயையும் கையையும் கட்டிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது டீச்சருக்குத் தெரியும்.

வண்டி புறப்படும்போது மகள் என்னவோ கேட்டாள். அவர் "உன் இஷ்டம்மா" என்றது மட்டும் டீச்சர் காதில் விழுந்தது. வீட்டுக்கு இரண்டு வழி உண்டு. கார் தண்ணீர்த் தொட்டிச் சாலைப் பக்கம் திரும்பியது.